ரோஸ்நிபா சரிந்த வருடத்துப் பால்

லாரி ஓட்டப் போகிறேன் என்று குன்வோர் சொன்னபோது அவளுக்கு இருபத்தாறு வயது. அதுவரை முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். வயதானவர்களைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, உருளைக்கிழங்கை மசித்து ஊட்டி, நான்கே வருடத்தில் இடுப்பு போய்விட்டது.

"லாரியில உட்கார்ந்தா இடுப்புக்கு நல்லதாமா?" என்று அக்கா கேட்டாள். அக்கா பெர்கன் நகரத்தில் பள்ளி ஆசிரியை.

"லாரி என்னைத் தூக்கிட்டுப் போகும். நான் அதைத் தூக்க வேண்டாம்ல" என்றாள் குன்வோர்.

மூன்று வருடம் ஸ்வீடன் எல்லைக்கு மரத்தடி ஏற்றிப் போனாள். பிறகு பால் கூட்டுறவில் டேங்கர் கிடைத்தது. அன்றிலிருந்து இருபத்தைந்து வருடமாக அதே வேலை, அதே தடம். அந்த நாட்டில் லாரி ஓட்டுகிறவளும் பள்ளி ஆசிரியையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வாழ்வார்கள். அக்கா வீட்டில் இருந்ததெல்லாம் குன்வோர் வீட்டிலும் இருந்தது. போதாததற்குக் கரையில் ஒரு மோட்டார் படகு வேறு. கிறிஸ்துமஸுக்கு வரும்போதெல்லாம் அக்கா அலுத்துக்கொள்வாள்: "நான் எதுக்குடி அஞ்சு வருஷம் படிச்சேன்?"

"உனக்கு ரிவர்ஸ் எடுக்க வராதே, அதனாலதான்" என்பாள் குன்வோர்.

அவள் ரிவர்ஸ் எடுக்கும் அழகு ஸ்கோர்விக்கில் எல்லோருக்கும் தெரியும். ஸ்கோர்விக் என்பது, மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்திருக்கும் ஃபியோர்டின் வடகரையில், ஒரே சாலையில் கோத்துவிட்ட பன்னிரண்டு பண்ணைகள். சாலை ரோஸ்நிபா மலையின் அடியை ஒட்டிப் போய், சுரங்கப்பாதைக்குள் புகுந்து, மறுபக்கம் பெரிய சாலையில் சேரும். வேறு வழி கிடையாது. பண்ணை முற்றங்கள் எல்லாம் சரிவில். ஒரு பக்கம் மாட்டுக் கொட்டகைச் சுவர், மறுபக்கம் பள்ளம். அதனால் டிரெய்லரைப் பெரிய சாலையிலேயே கழற்றிவிட்டு, பால் டேங்க் பொருத்திய முன்வண்டியோடு மட்டும் உள்ளே வருவாள். இரண்டு நாளைக்கு ஒரு முறை, மழையோ பனியோ.

பண்ணையில் இறங்கியதும் பால் தொட்டியின் மூடியைத் திறந்து முதலில் முகர்ந்து பார்ப்பாள். கருவிகள் எல்லாம் உண்டு, ஆனால் அவளுக்கு மூக்குதான் முதலில். மாடு புதுப் புல்லில் இறங்கிவிட்டதா, பழைய தீவனமா, கொட்டகையில் யாராவது சோம்பேறித்தனமாகக் கழுவினார்களா என்பது அந்த ஒரு மூச்சில் தெரிந்துவிடும். அப்புறம் மாதிரி எடுத்து, குழாயை மாட்டி, பம்பைத் தட்டிவிட்டால், அது உறிஞ்சி முடிக்கும்வரை சமையலறையில் ஒரு கோப்பை காபி.

கடைசிப் பண்ணை ஆர்ன்ஃபினுடையது. எழுபத்தெட்டு வயது. மாடுகளை இப்போது பார்த்துக்கொள்வது அவன் மகள் யோருன். அவன் வேலை ஜன்னலோரம் உட்கார்ந்து குன்வோரின் நேரத்தைக் கணக்குப் பார்ப்பது. அந்த ஊரில் எத்தனை வயதானாலும் பெயர் சொல்லி 'நீ' என்றுதான் பேசுவார்கள்.

"இன்னிக்கு ஆறு நிமிஷம் லேட்டு" என்பான்.

"உன் கடிகாரம் ஆறு நிமிஷம் முந்தி ஓடுது. போன வாரமே சொன்னேன்."

"அது எங்கப்பாவோட கடிகாரம். தப்பே பண்ணாது."

"உங்கப்பா?"

"அவரும் பண்ண மாட்டாரு. ஒரே ஒரு தடவை பண்ணாரு. அதுதான் இப்ப உனக்கு எதிர்ல உட்கார்ந்து காபி குடிக்குது."

இப்படி இருபத்தைந்து வருடம் போயிற்று. மலை ஒன்று அங்கே இருக்கிறது என்பதையே யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. வீட்டுக்குக் கூரை இருக்கிறது என்று யார் நினைக்கிறார்கள்?

அது ஏப்ரல் மாதம், செவ்வாய்க்கிழமை. ஒரு வாரமாகப் பனி உருகிக்கொண்டிருந்தது. அதன்மேல் மூன்று நாள் மழை. அன்று காலை வெயில் வந்திருந்தது. பன்னிரண்டு பண்ணைகளும் முடிந்து, டேங்கர் நிரம்பி, குன்வோர் திரும்பிக்கொண்டிருந்தாள். ரோஸ்நிபாவின் அடிவாரம் நெருங்கும்போது ஸ்டியரிங்குக்கு எதிரே டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னால் குழாய்ப் பெட்டியின் கதவு சரியாகச் சாத்தவில்லை. முணுமுணுத்துக்கொண்டே, சாலை அகலமாக இருந்த இடத்தில் ஓரங்கட்டி இறங்கினாள்.

பின்னாலிருந்து ஆர்ன்ஃபினின் சிவப்புக் கார் வந்து மெதுவானது. பல் வைத்தியரைப் பார்க்க நகரத்துக்குக் கிளம்பியிருந்தான். கண்ணாடியை இறக்கினான்.

"பழசாயிட்டது வண்டியா, ஓட்டறவளா?"

"நீ போய் பல்லைப் பிடுங்கிட்டு வா. அப்புறம் பேசு."

கையை ஆட்டிவிட்டு வளைவில் திரும்பி மறைந்தான்.

குன்வோர் கதவைச் சாத்தினாள். கொக்கி இறுகியிருந்தது, உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி மாட்டினாள். அப்போது, மேலே யாரோ ஒரு கூடை ஜல்லியைக் கொட்டியதுபோல் சத்தம். நிமிர்ந்து பார்த்தாள். மலையின் நெற்றியில் இருந்த பிர்ச் மரங்கள் நடந்துகொண்டிருந்தன. விழவில்லை. நின்றது நின்றபடியே, வரிசை குலையாமல், அவசரமில்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. மரம் ஏன் நடக்கிறது என்று யோசிக்க அவளுக்கு நேரம் இருந்தது. அதற்கப்புறம்தான் மலை வந்தது.

சத்தத்தை அவள் காதால் கேட்கவில்லை, விலா எலும்பால் கேட்டாள். வீடு அளவுப் பாறைகள் சாலையை ஒரு தடவை தொட்டுவிட்டு ஃபியோர்டுக்குள் பாய்ந்தன. கண்ணெதிரே முந்நூறு மீட்டரில் சாலை இருந்த சுவடே இல்லாமல் போனது. சுரங்கப்பாதையின் வாய் மூடிக்கொண்டது. தண்ணீர் எழுந்து சுவராக நின்று, ஒரு கணம் தயங்கி, கரைமேல் விழுந்தது. டேங்கரின் முன்கண்ணாடியில் உப்புத் தண்ணீர் வழிந்தது. பிறகு புழுதி; கல்லோடு கல் உரசிய வெடிமருந்து வாசனை; அதன் பின்னால், அப்போதுதான் உழுத வயலிலிருந்து வருவதுபோல ஈரமண் வாசனை.

கை கொக்கியின் மேலேயே இருந்தது. அதைப் பயம் என்று சொல்ல முடியாது என்று பிற்பாடு யோருனிடம் சொன்னாள். "சின்னப் புள்ளையா இருக்கறப்போ கதவைத் தள்ளிட்டு உள்ள ஓடுவோம். அங்க பெரியவங்க ஏதோ முக்கியமாப் பேசிட்டிருப்பாங்க. அப்படியே நின்னுடுவோம்ல, அந்த மாதிரி. நம்மளப் பத்தின பேச்சே இல்ல அது. நாம அங்க நிக்கறதே அதுக்குத் தெரியாது."

அப்புறம்தான் சிவப்புக் கார் ஞாபகம் வந்தது.

வண்டியைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தி, எல்லா விளக்குகளையும் போட்டு, அவசர எண்ணை அழைத்தாள்.

"யாருக்காவது அடிபட்டிருக்கா?" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

"தெரியல. ஒரு கார் முன்னாடி போச்சு. ஒரு நிமிஷம் இருக்கும். இல்ல, ரெண்டு."

"நீ எவ்வளவு தூரத்துல இருக்க?"

"முந்நூறு மீட்டர்."

"இன்னும் பின்னால போயிடு."

"கார் போச்சுன்னு சொல்றேன்."

"கேட்டுச்சு. நீ பின்னால போ."

அவள் பின்னால் போகவில்லை. கற்குவியலின் விளிம்புவரை நடந்து போய், மேலேயிருந்து இன்னும் கல் உருண்டுகொண்டிருக்க, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்ததெல்லாம் சாம்பல் நிறம். ஒரு பிர்ச் மரம் மட்டும் குவியலின் உச்சியில் நேராக, மொட்டுகளோடு நின்றது. ஹெலிகாப்டர் வந்து வட்டமடித்தது. அவளைப் பின்னால் போகச் சொல்லி ஒலிபெருக்கியில் கத்தியது.

ஒரு மணி நேரம் கழித்து அவள் கைபேசி அடித்தது. யாரோ வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

"குன்வோ. யோருன் ஃபோனை எடுக்க மாட்டேங்கறா. கொட்டகையில இருப்பா. எனக்குப் பாதி வாய் மரத்துப்போச்சு. ரெண்டு மணிக்குத்தான் வருவேன்னு சொல்லிடு."

குன்வோர் சாலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு மணிக்கு நீ வர மாட்ட, ஆர்ன்ஃபின்."

"ஏன்?"

"ரோடு இல்ல."

"வேலை நடக்குதா?"

"மலை அதும்மேல உட்கார்ந்திருக்கு."

ஏதோ பத்து மலையில் ஒன்றைக் கேட்பதுபோல், "எந்த மலை?" என்றான்.

அன்று சாயங்காலம் மூடிக்கிடந்த பழைய பள்ளிக்கூடத்தில் ஊர் கூடியது. அடிவாரத்தில் இருந்த இரண்டு வீட்டுக்காரர்களை ஏற்கெனவே வெளியே கொண்டுவந்திருந்தார்கள். மின்சாரம் போயிருந்தது, ஜெனரேட்டர் வைத்துப் பால் கறந்தார்கள். வீங்கின கன்னத்தோடு இருந்த ஆர்ன்ஃபினைப் படகுக்காரன் ஸ்வெர்ரே தன் படகில் ஏற்றிக்கொண்டு வந்தான். யோருன் அப்பாவின் கோட்டுப் பொத்தானை ஒரு தடவை கழற்றி, மறுபடி மாட்டிவிட்டாள்.

கூட்டுறவில் வண்டிகளை அனுப்புகிறவன் ஷெதில். மேசைமேல் வைத்த கைபேசியிலிருந்து அவன் பேசினான். தொட்டிகள் வியாழக்கிழமை நிரம்பிவிடும், வண்டி உள்ளே மாட்டிக்கொண்டது, அதில் இருக்கும் பாலும் வியாழனுக்கு மேல் தாங்காது. "கொட்டிடுங்க. உரக்குழியிலேயே கொட்டிடலாம். இழப்பீடு முழுசா வரும். யாருக்கும் நஷ்டம் இல்ல."

யோருன்தான் வாய் திறந்தாள். "மாடுங்ககிட்ட நீயே சொல்லிடு, ஷெதில். காலையில அஞ்சரைக்கு வரிசையா வந்து நிக்கும். இன்னிலேர்ந்து கறக்கறது கொட்டறதுக்குத்தான்னு சொல்லு."

ஸ்வெர்ரேயிடம் ஒரு தட்டைப் படகு இருந்தது. தீவுகளுக்கு ஆடுகளும் டிராக்டர்களும் ஏற்றிப் போவான். அதன் முன்பக்கம் பாலம்போல் கீழே இறங்கும். முப்பது டன் தாங்கும், டேங்கரையே ஏற்றி மறுகரைக்குக் கொண்டுபோகலாம் என்றான். ஊரின் உள்பக்கம் பழைய படகுத்துறை ஒன்று கிடந்தது. சுரங்கம் திறந்ததும் அதைக் கைவிட்டு முப்பது வருடம் ஆகியிருந்தது. பேச்சு துறையைப் பற்றிப் போனது. எந்தத் தூண் இற்றுப்போயிருக்கும், யாரிடம் இரும்புத் தகடு இருக்கிறது, வியாழனன்று கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு. குன்வோர் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு ஒன்று விளங்கியது. டேங்கர் தானாகவே படகுக்குள் ஏறிப்போய்விடும் என்பதுபோல்தான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுகிறாயா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. அவள் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

அந்த நாட்டில், ஆபத்து என்று தோன்றினால் ஓட்டுநர் மாட்டேன் என்று சொல்லலாம். அதற்கு மேல் ஷெதிலும் பேச முடியாது, மந்திரியும் பேச முடியாது. ஆனால் நாற்பது பேர், பால் முழுவதையும் இழக்கப் போகிறவர்கள், ஒரு கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவள் இதுவரை பார்த்ததில்லை. காலையில் மலையைப் பார்த்தபோது போலவே கை கால் அசையாமல் இருந்தாள்.

"ஓட்டறது யாருன்னு ஒருத்தரும் கேக்கலையே" என்றாள் கடைசியில்.

"நீ வாயே திறக்கல. நாங்க எப்படிக் கேக்கறது?" என்றான் ஆர்ன்ஃபின்.

"கேட்டாத்தானே திறப்பேன்."

"கேட்டா நீ சரின்னுடுவ. அதனாலதான் கேக்கல."

"ஏற்றம் எத்தனை மணிக்கு?" என்று ஸ்வெர்ரேயைப் பார்த்துக் கேட்டாள்.

"வியாழக்கிழமை ரெண்டு நாப்பது."

"சரி."

புதன்கிழமை விடிந்ததிலிருந்து ஊரே துறையில் இருந்தது. மீன் பண்ணைக்காரர்கள் இரும்புத் தகடுகளைப் படகில் கொண்டுவந்து இறக்கினார்கள். டிராக்டர்கள் ஜல்லி கொட்டின. இற்றுப்போன மரங்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கொட்டகைகளில் வைத்திருந்த உத்தரங்களைத் தூக்கி வந்தார்கள். மேசை போட்டு, வாஃபிளும் புளிப்புப் பாலாடையும் ஜாமும் வைத்திருந்தார்கள். மாலையில் மாவட்டத்திலிருந்து இங்வில்ட் என்ற பொறியாளர் வந்தாள். கையில் ஒரு சுத்தியலும் விளக்குமாகத் துறைக்கு அடியில் தவழ்ந்து போனவள் வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

"இருபது டன்தான் விடுவேன்" என்றாள்.

"வண்டி இருபத்தாறு" என்றாள் குன்வோர்.

"பாதிப் பாலை இறக்கிடு."

"பாதி நிரம்பினது முழுசா நிரம்பினதை விட மோசம். உள்ள பால் நடக்கும். பிரேக் போட்டா வண்டி நிக்கும், பால் நிக்காது. ஒண்ணு முழுசா இருக்கணும், இல்ல காலியா இருக்கணும்."

இங்வில்ட் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஈரத் தாளில் மறுபடி கணக்குப் போட்டாள். "அப்ப இன்னும் ரெண்டு உத்தரம் வேணும். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. தடிமனா." ஆர்ன்ஃபின் தன் வைக்கோல் கொட்டகைக் கதவின் மேல் உத்தரத்தை இரண்டாக அறுத்துக் கொடுத்தான். வியாழன் நண்பகலில் இங்வில்ட், சுத்தியலால் கடைசியாக ஒரு தரம் தட்டிக் கேட்டுவிட்டு, இருபத்தெட்டு டன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு நாற்பதுக்கு ஃபியோர்டு கண்ணாடிபோல் கிடந்தது. குன்வோர் வண்டியைப் பின்பக்கமாகவே படகில் ஏற்ற வேண்டும். அப்போதுதான் மறுகரையில் நேராக வெளியே ஓட்ட முடியும். துறை எழுபது மீட்டர் நீளம், இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு ஒரு சாண் இடம். ரேடியோவை அணைத்து, ஜன்னல்கள் இரண்டையும் இறக்கினாள். பின்னால் ஸ்வெர்ரே கைகாட்டினான். மற்றவர்கள் எல்லோரும் கரையில் தள்ளி நின்றார்கள், கைகளைக் கோட்டுப் பைகளில் போட்டுக்கொண்டு.

முதல் தகடு டங்கென்றது. இரண்டாவது. மரம் எங்கோ அடியில் முனகியது, அவள் நிற்கவில்லை. பின்சக்கரம் படகைத் தொட்டதும் படகு ஒரு முழம் அமுங்கியது. முன்கண்ணாடியில் மலைகள் எல்லாம் சட்டென்று கீழே இறங்கின. நிறுத்து என்றது கால். நிறுத்தினால் பாதி வண்டி நிலத்திலும் பாதி நீரிலும் நின்றுவிடும். மெல்ல, மாட்டுக் கொட்டகைக்குள் போகிற வேகத்தில், உள்ளே ஏற்றினாள். முன்சக்கரமும் ஏறியது. படகு நிமிர்ந்தது.

யாரும் கைதட்டவில்லை. யாரோ வாஃபிள் தட்டைத் துணியால் மூடினார்கள்.

நடு ஃபியோர்டில் அவள் வண்டியிலிருந்து இறங்கினாள். ஸ்வெர்ரே என்ஜினை மெதுவாக்கினான். அப்போதுதான் ரோஸ்நிபாவை முழுதாகப் பார்த்தாள். நிலத்தில் நின்று பார்த்தது அதன் கால்விரலை மட்டும்தான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி நீர்வரைக்கும், மலை தோலுரித்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. அந்தக் கல் இதற்கு முன் வெயிலையே பார்த்ததில்லை. வெட்டுவாய் ஈரத்தில் மின்னியது. அதிலிருந்து புதிதாக ஓர் அருவி விழுந்துகொண்டிருந்தது, செவ்வாய்க்கிழமைவரை உலகத்தில் இல்லாத அருவி. தான் வண்டியை நிறுத்திய இடத்தைத் தேடினாள். சாலை ஒரு நூல். அந்த இடம் நூலில் ஒரு முடிச்சுக்கூட இல்லை.

பின்னால் டேங்கருக்குள் பதிமூவாயிரம் லிட்டர் பால் அலையோடு சேர்ந்து மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் ஆச்சு, அது விழ?" என்று ஸ்வெர்ரே கேட்டான்.

"தெரியல. ஒரு நிமிஷம் இருக்கலாம். காலையெல்லாம் விழுந்த மாதிரி இருந்துச்சு."

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து அந்த உச்சியைக் குறிவெச்சுத்தான் படகு ஓட்டறோம். உச்சியும் கல்லோட தோள்பட்டையும் ஒரே நேர்ல வந்தா, கீழ மீன் இருக்கும்." கொஞ்சம் பொறுத்து, "இப்ப தோள்பட்டை இல்ல" என்றான். ஃபிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றி முதலில் அவளுக்குக் கொடுத்தான்.

மறுகரையில் ஷெதில் டிரெய்லருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இருபத்தைந்து வருடத்தில் அவன் அலுவலகத்தை விட்டு ஒரு துறைக்கு வந்தது அன்றுதான். பாலைச் சோதித்தார்கள், நன்றாக இருந்தது. அன்றிரவே, அடுத்த ஏற்றத்தில், அவள் காலி வண்டியோடு திரும்பினாள், ஏனென்றால் பண்ணைத் தொட்டிகள் நிரம்பியிருந்தன.

பதினான்கு மாதம் அப்படியே ஓடியது. இரண்டு நாளைக்கு ஒரு முறை, ஏற்றத்தின் நேரம் பார்த்து. ஜனவரியில் ஒரு புயலில் நாலு நாள் படகு போக முடியாமல் பாலைக் கொட்டினார்கள். தன் பண்ணையில் அதை யோருன் மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டுத் தனியாகத்தான் செய்தாள். மற்றபடி எல்லாம் கடந்து போயிற்று. அடுத்த வருடம் ஜூனில், மலையின் இன்னும் உள்ளே தள்ளி, புதிய சுரங்கம் திறந்தது. நாடா வெட்ட வந்தவர்கள் போன பிறகு முதலில் உள்ளே நுழைந்த பெரிய வண்டி பால் வண்டிதான்.

ஷெதில் அவளுக்கு அலுவலகத்தில் இடம் தருவதாகச் சொன்னான். தடங்களைத் திட்டமிடும் வேலை, நல்ல நாற்காலி, ஜன்னல். ஐம்பத்தைந்து வயதில் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அவள் சொன்னாள். ஏன் என்று யோருன் கேட்டதற்கு, காபியைக் கலக்கினாள். "அந்த மலையை ரெண்டு நாளைக்கு ஒரு தரமாவது பார்க்கணும் போல இருக்கு" என்றாள்.

மலையில் மிச்சம் இருக்கும் பகுதியில் இப்போது கருவிகள் பதித்திருக்கிறார்கள். அது அசைவதை இரவும் பகலும் அளந்து, காலையில் எல்லோர் கைபேசிக்கும் அனுப்புகிறார்கள். ஸ்கோர்விக் சமையலறைகளில் வானிலைக்கு முன்னால் அதைத்தான் படிப்பார்கள்.

கடைசிப் பண்ணையில் குன்வோர் பம்பைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, பூட்ஸைக் கழற்றி, மேசையில் உட்காருகிறாள். ஜன்னலோரம் ஆர்ன்ஃபின் உட்கார்ந்திருக்கிறான். யோருன் கைபேசியைப் பார்க்கிறாள்.

"நேத்து ரெண்டு மில்லிமீட்டர் நடந்திருக்கு."

"எந்தப் பக்கம்?" என்கிறாள் குன்வோர்.

"நம்ம பக்கம்."

மூன்று பேரும் ஜன்னல் வழியாக அதைப் பார்க்கிறார்கள். மேகம் இடுப்புவரை இறங்கியிருக்கிறது. மேலே உச்சி மட்டும் வெயிலில் இருக்கிறது. வெளியே பம்ப் உறிஞ்சி முடித்து நின்றுவிட்டது. இருந்தும் குன்வோர் உடனே எழுந்திருக்கவில்லை.